அண்ணாந்து குடிப்பவரின் இருதயம்

நான் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் உலகத்தின் கடைசி ஆன்டிபயாடிக் மாத்திரையும் வேலை செய்வதை நிறுத்தியது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் துறைத் தலைவர் மட்டும் அதை இன்னும் முழுசாக நம்பவில்லை.

மாத்திரைகள் ஒரே நாளில் படுத்துவிடவில்லை. தாலுகா ஆபீஸில் மதியத்துக்கு மேல் ஆட்கள் டீ குடிக்கப் போவதுபோல ஒவ்வொன்றாக எழுந்து போயின. எதுவும் திரும்பி வரவில்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்கு ஒரு குறையும் இல்லை. டாக்டர்கள் ரோபோ கைகளை வைத்துக்கொண்டு தலைமுடி கனத்தில் தையல் போட்டார்கள். தையல் பிரமாதமாக இருந்தது. அதன்பின் வார்டில் குடியிருக்கும் கிருமிகள் வந்து அதைப் பிரித்துப் பார்த்தன. ‘ஆபரேஷன் சக்சஸ், பேஷண்ட் அவுட்’ என்று ஒரு பழைய ஜோக் உண்டே, கொஞ்ச காலம் அதுதான் சுகாதாரத் துறையின் ஆண்டறிக்கையாக இருந்தது.

இப்படியான காலத்தில் என் அப்பாவின் இருதய வால்வு மக்கர் செய்தது.

அப்பா பெயர் ஆவுடையப்பன். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால், மதகு, தடுப்புச்சுவர் என்று திருநெல்வேலி ஜில்லாவில் தண்ணீர் எங்கெல்லாம் போக நினைத்ததோ அங்கெல்லாம் அதை மறித்தவர். அதே கண்டிப்பைத் தன் வாய் விஷயத்திலும் காட்டினார். அவர் உதடு எந்த டம்ளரையும் தொட்டதில்லை. தன் சொந்த டம்ளரைக்கூட. ஆவி பறக்கும் காபியையும் அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வார். ஒரு சொட்டு சட்டையில் விழாது. வெளியே போனால் பையில் சொந்த டம்ளரும் கூடப் போகும்.

“சாதி கீதி எல்லாம் எனக்குக் கிடையாதுலே. இது சுகாதாரம்” என்பார். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்வார்.

இருதய டாக்டர் மெஹருன்னிசா மேலப்பாளையத்துக்காரர். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் யாரையோ திறந்து வைத்துவிட்டு வந்தவர்போல அவசரமாகப் பேசுவார்.

“வால்வு மாத்துறது ஒரு விஷயமே இல்ல சார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிருவேன். அதுக்கப்புறம் கிருமி வந்து புது வால்வுல குடியேறுச்சுன்னா, அதைக் காலி பண்ண என்கிட்ட மருந்து இல்ல.”

“பின்ன?”

“கூட்டுக்கிருமி முறைதான். பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிப்போம்ல? அதேதான். உங்க வாய், தோல், குடல் எல்லாத்துலயும் நல்ல கிருமிங்க முன்னாடியே துண்டு போட்டு உக்காந்துட்டா, வார்டுல இருந்து வர்ற கெட்டது ஏறும், இடம் பாக்கும், அடுத்த ஸ்டாப்புல இறங்கிரும்.”

“நல்லதாப் போச்சு. மாத்திரையில அடைச்சுக் குடுங்க, முழுங்கிருதேன்.”

“குடுத்துப் பாத்தாச்சு. லாட்ஜுல தங்குற மாதிரி ரெண்டு நாள் தங்கிட்டுக் கிளம்பிருது. குடித்தனம் பண்ணணும்னா உயிருள்ள ஆள்கிட்ட இருந்து கொஞ்சம் கொஞ்சமா வரணும். பொருத்தமான ஒருத்தரோட ஒரே வீட்டுல இருக்கணும். ஒரே தட்டு, ஒரே துண்டு, ஒரே டம்ளர்.”

“டம்ளரா?” என்றார் அப்பா.

“அதுதான் முக்கியம். எச்சில்தான் சார் இப்போ மருந்து.”

அறுபத்தைந்து வயது வரை அப்பா ஒதுங்கி நடந்த ஒரு வார்த்தையை டாக்டர் சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதலில் வீட்டு ஆட்களைச் சோதித்தார்கள். அம்மா காந்திமதிக்கும் அப்பாவுக்கும் ஒரு கிருமிகூடப் பொதுவில் இல்லை. டாக்டர் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முப்பது வருஷம் ஒரே வீட்டுலதான இருந்தீங்க?” என்று கேட்டார்.

“வீடு ஒண்ணுதாம்மா. டம்ளரு வேற, தட்டு வேற, துண்டு வேற” என்றாள் அம்மா. “இவனே எப்படிப் பொறந்தான்னு எனக்கு இன்னைக்கும் ஆச்சரியந்தான்.”

‘இவன்’ என்பது நான். கோமதிநாயகம். என் பரிசோதனை அறிக்கையை டாக்டர் வெகுநேரம் படித்தார். “தம்பி ஹாஸ்டல் மெஸ்ஸுல சாப்பிடுறீங்களா?” என்று பரிவாகக் கேட்டார். பிறகு, “உங்களை யாருக்கும் கொடுக்க முடியாது” என்றார். இதையே என் அம்மா கல்யாண விஷயமாக ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

வெளி ஆளைத் தேட வேண்டியதாயிற்று. அரசாங்கம் ரேஷன் கடையிலேயே எல்லாரிடமும் வாயில் பஞ்சு ஒற்றி எடுத்து வைத்திருந்ததால் பொருத்தம் பார்ப்பது சுலபம். அதிலும் தனியார் நிலையங்கள் புகுந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில், ‘சைவம், நல்ல குடும்பம், சொந்த இனக் கிருமிகள் மட்டும்’ என்று விளம்பரம் வந்தது. கிருமிக்குச் சாதி இல்லை என்று அமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். மறுநாள் அதை எதிர்த்து மூன்று சங்கங்கள் உண்ணாவிரதம் இருந்தன. அப்பா விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, “சும்மா வெலவாசி தெரிஞ்சுக்கத்தான்” என்றார்.

ஆஸ்பத்திரி கண்டுபிடித்த பொருத்தம் சவரிமுத்து. மைக் செட் வாடகைக்கு விடுபவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, மாதா சப்பரம் எதுவானாலும் அவருடைய ஸ்பீக்கர்தான். ஆயுள் முழுக்க ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றதால் எதிரில் இருப்பவரிடம்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்படித்தான் பேசுவார். அப்பாவைப் பார்த்த முதல் நிமிஷமே அவர் முகம் மலர்ந்தது.

“சார்! நீங்கதானா அந்தப் பெட்டிஷன் சார்! எத்தனை தடவை என் செட்ட போலீஸ் புடிச்சிருக்கு உங்களால! உங்க கையெழுத்து எனக்கு மனப்பாடம் சார்!”

“சத்தத்துக்குத்தான் எழுதினேன். உங்க மேல ஒண்ணும் இல்ல” என்றார் அப்பா.

“எனக்கும் உங்க மேல ஒண்ணும் இல்ல சார். அடுத்த வருஷம் ஒங்க வீட்டுப் பக்கம் ஒரு பாக்ஸு கூடுதலா வச்சேன், அவ்வளவுதான்.”

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்தன. ‘கூடுவீடு’ என்று பெயர். அதில் ஒன்றில் இருவரையும் குடிவைத்தார்கள். ஒரு கட்டில் கூடுதல். மற்றதெல்லாம் ஒன்றே ஒன்று. மழைக்காலம் முடிவதற்குள் ஆபரேஷன் ஆக வேண்டும், வால்வு அதற்கு மேல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நர்ஸ் தினமும் காலையில் அப்பாவின் நாக்கில் பஞ்சை ஒற்றிக்கொண்டு போவார். சுவரிலிருந்த திரையில் ஒரு பச்சைக் கோடு. அது மேலே சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஆபரேஷன்.

பச்சைக் கோடு படுத்தே கிடந்தது.

சவரிமுத்துவுக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. வேலை இல்லை, பெண்டாட்டி ஏசுவது இல்லை, மூன்று வேளையும் சாப்பாடு. “தம்பி, இன்னொரு வால்வும் போனா சொல்லுங்க” என்று என்னிடம் சொல்லிவைத்தார். நான் சாயங்காலம் கல்லூரி விட்டு வரும்போது அவர் பேச்சு ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னை வரவேற்கும்.

கோடு ஏன் அசையவில்லை என்று டாக்டருக்குப் புரியவில்லை. “நான் முழு ஒத்துழைப்பு கொடுக்கேன்” என்றார் அப்பா. ஒருநாள் மதியம் டாக்டர் என்னை ஜன்னலுக்கு வெளியே நிற்கவைத்து, தானும் நின்று பார்த்தார்.

ஒரே தட்டில்தான் சாப்பிட்டார்கள். ஆனால் அப்பா தட்டின் நடுவே சோற்றால் கரை கட்டியிருந்தார். சும்மா கரை இல்லை. கீழே அகலம், மேலே குறுகல், சரிவு இரண்டு பக்கமும் சமம். அவர் ஆயுளில் கட்டியவற்றில் ஒழுகாத ஒரே அணை அதுதான் என்று நினைக்கிறேன். சவரிமுத்துவின் சாம்பார் ஒரு துளி இந்தப் பக்கம் வரவில்லை. துண்டை நீளவாக்கில் மடித்து ஆளுக்கு ஒரு பாதி. சாப்பிட்டு முடித்து டம்ளரை எடுத்தார். தலை பின்னால் சாய்ந்தது. தண்ணீர் மெல்லிய கம்பிபோல அந்தரத்தில் இறங்கியது.

டாக்டர் உள்ளே நுழைந்தார், பின்னாலேயே நானும். “என்ன சார் பண்ணுறீங்க?”

“தண்ணி குடிச்சேன்” என்றார் அப்பா. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

“இங்க வச்சுக் குடிங்க.” டாக்டர் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

அப்பா டம்ளரை வாய்க்கு நேரே கொண்டுவந்தார். இரண்டு விரல்கடை தூரத்தில் கை நின்றது. மறுபடி கொண்டுவந்தார். கை தானாக மேலே போயிற்று. மூன்றாவது முறை கண்ணை இறுக்கிக்கொண்டு உதடு பட வைத்தார். அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்கள் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

“எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுலே கோமதி. கை மேல போயிருது. நான் என்ன செய்ய?”

நான் அவரை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. வாய்க்கு வந்த கேலியை விழுங்கினேன். அது எனக்குப் பழக்கமில்லாததால் எனக்கும் லேசாகக் குமட்டியது.

சவரிமுத்து எழுந்தார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார்.

“இத்தன நாளும் அந்த டம்ளர்ல நான் மட்டுந்தான் சார் வாய வச்சுக் குடிச்சிருக்கேன். ஒங்களுக்கு மட்டுந்தான் கொமட்டும்னு நெனச்சீங்களா? மொத நாளு மாதாவ நெனச்சிக்கிட்டு மூக்கப் புடிச்சிக்கிட்டுத்தான் குடிச்சேன். ஒரு மனுஷன் உசுராச்சேன்னு குடிச்சேன். நீங்க என் மூஞ்சிக்கு முன்னாலயே கரை கட்டுறீங்க. நான் என்ன வெள்ளமா?”

“சவரிமுத்து, அடுத்த பொருத்தம் தேடணும்னா மழைக்காலம் முடிஞ்சிரும்” என்றார் டாக்டர்.

“வேற நல்ல எடமாப் பாருங்கம்மா. சைவக் கிருமியாப் பாருங்க.” சட்டைகளை மடிக்காமலேயே பெட்டிக்குள் திணித்தார்.

அவர் போனால் அப்பா போனார். கணக்கு அவ்வளவுதான். அப்பாவுக்குத் தடுக்கத் தோன்றவில்லை; அல்லது தோன்றியும் எப்படி என்று தெரியவில்லை. அப்போதுதான் அம்மா மூடுபாத்திரமும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள்.

சொதி. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், எலுமிச்சை. பக்கத்தில் இஞ்சித் துவையல். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் போடுகிற சாப்பாடு. வாசனை அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தது.

“பொருத்தம் பாத்துச் சேத்து வச்சாச்சு, மறுவீட்டுச் சாப்பாடு இன்னும் போடலயேன்னு கொண்டாந்தேன்” என்றாள். “போறவங்க சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணாச்சி. இருக்கிறவருக்கு நேத்து ரசம் இருக்கு.”

சவரிமுத்து பெட்டியையும் பாத்திரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கோபம் குறையாமலேயே உட்கார்ந்தார். இருந்த ஒரே தட்டில் அம்மா சோற்றைப் போட்டுச் சொதியை ஊற்றினாள். அவர் பிசைந்தார். கோபமாக இருக்கிற மனிதர் இவ்வளவு வேகமாகச் சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

“காந்திமதி, எனக்கு?”

“தட்டு ஒண்ணுதான இருக்கு.”

அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார். கரை கட்ட ஆரம்பித்தார். சவரிமுத்து அதை மதிக்கும் மனநிலையில் இல்லை. அவர் கை அணையின் குறுக்கே வந்து ஒரு முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அப்பா பதறி உடைப்பை அடைத்தார். இந்தப் பக்கம் இன்னொரு உடைப்பு. முருங்கைக்காய்கள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. அடைப்பதா, சாப்பிடுவதா என்று ஒரு பொறியாளர் முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்தது. அப்பா இரண்டு கையாலும் முடிவெடுத்தார். பாசன எல்லைகள் எல்லாம் அழிந்து தட்டு ஒரே ஏரியானது.

“மெதுவா சார்” என்றார் டாக்டர்.

இஞ்சித் துவையலை அவசரத்தில் உருண்டையாகவே வாயில் போட்டுவிட்டார். விக்கல் பிடித்துக்கொண்டது. சாதாரண விக்கல் இல்லை. தோள் இரண்டும் குதித்தன. சவரிமுத்து அப்போதுதான் பாதி குடித்துவைத்திருந்த டம்ளரை அப்பா எடுத்தார், தலையைச் சாய்த்தார், ஊற்றினார். சரியாக அந்த நேரம் அடுத்த விக்கல். தண்ணீர் மூக்கில் போய்ப் புரையேறியது. முகம் கறுத்தது. ஓய்ந்துபோன வால்வு தாங்கக்கூடிய இருமல் இல்லை அது. டாக்டர் எழுந்து ஓடிவந்தார். அதற்குள் சவரிமுத்து சோற்றுக் கையாலேயே அப்பாவின் பின்மண்டையைப் பிடித்து முன்னால் அமுக்கி, டம்ளரை வாயோடு வைத்து அழுத்தினார்.

“அண்ணாக்காதேயும்! குனிஞ்சு குடியும்வே!”

ஆஸ்பத்திரி முழுக்க அன்று எத்தனை பேர் குனிந்து குடித்தார்களோ தெரியாது. அப்பா குடித்தார். கடகடவென்று, குழந்தைபோல, விளிம்பைக் கடித்துக்கொண்டு. விக்கல் நின்றது. மூச்சு வந்தது. அவர் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஒண்ணும் ஆகலயே” என்றார்.

“எனக்கும் ஒண்ணும் ஆகல. இத்தன நாளா அதையேதான சொல்லுதேன்” என்றார் சவரிமுத்து. இடது கையால் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். “தங்கச்சி, இன்னும் கொஞ்சம் சொதி ஊத்துங்க.”

அதற்குப் பிறகும் கை பல நாள் மேலே போகத்தான் பார்த்தது. “வே, கொடி ஏறுது!” என்று சவரிமுத்து அதட்டுவார், கை இறங்கும். பச்சைக் கோடு எழுந்து உட்கார்ந்தது, நின்றது, ஒருநாள் காலையில் சிவப்பைத் தொட்டது.

டாக்டர் சொன்னபடியே மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வால்வை மாற்றிவிட்டார். மூன்றாம் நாள், எதிர்பார்த்தபடி, காய்ச்சல் வந்தது. வார்டுக் கிருமிகள் பஸ் ஏறிவிட்டன என்று அர்த்தம். கொடுக்க மருந்து இல்லை, காத்திருப்பதுதான் சிகிச்சை. சவரிமுத்து வராந்தாவில் ஜெபமாலை உருட்டினார். அதுவும் சத்தமாகத்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக்கு உள்ளேயிருந்த நாலைந்து பேர் கூடவே சொன்னதாக நர்ஸ் பிறகு சொன்னார். காய்ச்சல் அன்று மாலை ஏறுவதை நிறுத்தியது. மறுநாள் இறங்கிவிட்டது. உட்கார இடமில்லாமல் போயிருக்கும்.

நெஞ்சுத் தையல் வலிக்காமல் இருக்கத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்பா இரும, சவரிமுத்துவும் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு துணைக்கு இருமினார். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்துக் குழாயில் இருவரும் போட்டி வைத்தார்கள். மைக் செட் நுரையீரல்தான் ஜெயித்தது. பக்கத்துக் கூடுவீட்டுக்காரர் மட்டும் ஆபரேஷன் இல்லாமலேயே ஊருக்குப் போய்விட்டார். சொந்த இனக் கிருமி கிடைக்கும்வரை காத்திருக்கப் போகிறாராம். அவருடைய வால்வும் காத்திருக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து, நடந்து, மாடிப்படி ஏறி, பழையபடி என் மார்க்கைப் பற்றிப் பேசும் அளவுக்குத் தேறினார். சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் கூப்பிட்டார். அப்பாவின் கிருமிகள் இப்போது முதல்தரமாம். ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறதாம். ஓய்வுபெற்ற நீதிபதி. கூடுவீட்டில் வந்து தங்க முடியுமா?

“ஒரு மனுஷன் உசுராச்சே” என்று அப்பா உடனே கிளம்பிப் போனார். போனவர் மறுநாளே திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று போனை எடுத்து சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

“வே சவரி, கேட்டீரா அநியாயத்த? அண்ணாந்து குடிக்காரு வே அந்த ஜட்ஜு! என் கண்ணு முன்னாலயே! கேட்டா சுகாதாரம்ங்காரு. நான் குடிச்ச டம்ளர அவரு என்னமோ... மனுஷனா அவரு? எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. வந்துட்டேன்.”

பக்கத்தில் நின்ற எனக்கும் சவரிமுத்துவின் குரல் கேட்டது. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“ரொம்ப வலிச்சிதோ சார்?”

“பின்ன? வலிக்காதா?” என்று கத்தினார் அப்பா.

கத்தியபின் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“அங்கனயே இருக்கீரா சார்?” என்றார் சவரிமுத்து.

“இருக்கேன்” என்றார் அப்பா. “அந்த ஜட்ஜு பாவம் வே. கை தானா மேல போயிருது அவருக்கு. நான் திரும்பிப் போறேன்.”

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவர், பாதியில் நின்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

“காந்திமதி, அங்க சொதி கொண்டாரும்போது இஞ்சித் துவையல் மட்டும் கொஞ்சம் கூட வையி.”